சித்தப்பா கொண்டுவந்த ஆயில்

ஓடித் தேய்ந்த என்ஜின் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் லேசாகக் கருகிய ஒரு வாசனையும், அதற்கு அடியில் இரும்பு வாசனையும் வரும். புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் காலைகள் அந்த வாசனையோடுதான் விடிந்தன. அப்பா பல் விளக்குவதற்கு முன்பே வெளியே போய் வண்டியின் மூடியைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, கிழிந்த வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, நுனியில் இருக்கும் சொட்டை விரலில் வாங்கித் தேய்த்துப் பார்ப்பார். நான் பக்கத்தில் போய் நின்றால் என் விரலிலும் ஒரு சொட்டு வைப்பார். பிசுபிசுவென்று ஒட்டினால் சரி, வழுக்கிக்கொண்டு ஓடினால் மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த வண்டி சாஸ்திரம் அவ்வளவுதான்.

அப்பா ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். கார் வைத்துக்கொள்கிற குடும்பம் இல்லை நாங்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களில், எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்கள். அந்தக் கறுப்புக் கார் எங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம், அம்மாவின் இழுப்பு. ஆடிக் காற்றில் புழுதி கிளம்பினாலும் சரி, ஐப்பசியில் ஈரம் ஏறினாலும் சரி, அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஆட்டோவில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போகிற வழியிலேயே காற்றும் தூசியும் அடித்து இன்னும் மோசமாகும். ஒருமுறை அப்படி மோசமாகி, உதடு நீலம் பாரித்து, மறு வாரம் உயிரோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் அப்பா, பிரான்சுக்கே போய்விட முடிவு செய்த ஒரு ‘சொல்தா’ வீட்டிலிருந்து அந்தப் பழைய காரை வாங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கார் என்னைவிட இருபது வருடமாவது மூத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே தூசி வராது, அது போதும் என்றார் அப்பா.

நெல்லித்தோப்பில் ஒரு மெக்கானிக் இருந்தார், செல்வராசு என்று பேர். வண்டியை முதல் தடவை அவரிடம் கொண்டுபோனபோது அவர் என்ஜினில் காது வைத்துக் கேட்டுவிட்டு, கெட்டி ஆயில்தான் ஊற்ற வேண்டும், டப்பாவின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் மயங்கக் கூடாது என்று சொன்னார். “பல்லு போன ஆளுக்கு முறுக்கு குடுப்பியா நீ? அப்பிடித்தான் இதுவும். தேய்ஞ்ச என்ஜின். எடைவெளி ஜாஸ்தி. கெட்டியா இருந்தாத்தான் உள்ள நிக்கும், தண்ணியா ஊத்துனா கீழதான் நிக்கும்.” அதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கடையில் போய் நின்று, வேறு எதையாவது எடுத்து நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஒரே வகைக் கெட்டி ஆயிலைத்தான் வாங்கி வருவார். அம்மா கேலி செய்வாள், எனக்கு மருந்து வாங்கும்போதுகூட இவ்வளவு பார்த்து வாங்குவதில்லை என்று. இரண்டும் ஒன்றுதான் என்பார் அப்பா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் ஏழு தடவையோ எட்டுத் தடவையோ அந்த வண்டி அம்மாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அம்மாவின் தங்கையை, என் சித்தியை, பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அங்கே பள்ளிக்கூடம் மூடும் ஜூலை, ஆகஸ்டில் ‘வக்கான்ஸ்’ என்று குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். அப்படி வருகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். வந்த அன்று பெட்டி திறக்கும்போது சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார வேண்டும். சென்ட்டு, சாக்லேட், சோப்பு, சட்டைத்துணி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் சொல்லிக் கொடுப்பார்கள். கொடுத்ததை அவர்கள் இருக்கும்போதே உடுத்திக் காட்ட வேண்டும், பூசிக் காட்ட வேண்டும், தின்று காட்ட வேண்டும். அலமாரியில் எடுத்து வைத்தால் மரியாதைக் குறைவு. எங்களுக்கு ஒத்துக்கொள்ளாத அந்த நாற்றமடிக்கும் பாலாடைக் கட்டியைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றிருக்கிறோம்.

அந்த வருடம் பெட்டியின் அடியிலிருந்து, கம்பளியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை மாட்டி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் சித்தப்பா ஒன்றை எடுத்தார். ஐந்து லிட்டர் என்ஜின் ஆயில். “அண்ணே, இது ஒங்களுக்கு. அங்க இருக்கிறதுலேயே ஒசந்த உய்ல் இதான்” என்றார். எண்ணெய்க்கு அவர் வாயில் அந்த பிரெஞ்சு வார்த்தைதான் வரும். ஐந்து லிட்டர் பாரத்துக்காகத் தன்னுடைய துணிமணியை எல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் என்று சித்தி சொன்னாள். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டி, அதற்கு நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இதில் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. இத்தனை வருடத்தில் நான் அவரை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட அவரைக் கெட்டவராக நினைக்க முடிந்ததில்லை.

அப்பா டின்னை வாங்கி மூடியைத் திறந்து ஒரு சொட்டு விரலில் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன் நிறத்தில், அவ்வளவு சுத்தமாக, தண்ணீர் மாதிரி அது அவர் விரலிலிருந்து ஓடி மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நல்லது தம்பி என்றார். மறுநாள் எல்லோரும் கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த டின்னைப் பரண்மேல் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அதை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சித்தப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே, உய்ல் ஊற்றியாயிற்றா, வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்பா நிமிராமல், “ஊத்தியாச்சு தம்பி. பஞ்சு மாதிரி ஓடுது” என்றார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்; நான் அதில் கொஞ்சம் கெட்டிக்காரி என்று பேர் வேறு வாங்கியிருந்தேன். அப்பா மறந்துவிட்டு ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையில்லை. பெரியவர்கள் நடுவில் எனக்கு ஒன்று தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். “இல்லப்பா, அது பரண்மேல அண்டாக்குப் பின்னாடியில்ல இருக்குது” என்றேன்.

சித்தப்பா சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். சித்தி சமையல்கட்டில் அம்மாவிடம் அழுதாள். அங்கே அவர் குளிரில் நின்று மூட்டை தூக்குகிறார், அது இங்கே யாருக்குத் தெரிகிறது, நாங்கள் கொடுத்தால் உங்களுக்கு இளக்காரம் என்றாள். அம்மா சாயங்காலம் அப்பாவை வெளியே அழைத்துப்போய்ப் பேசினாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். செல்வராசு சொன்னதை அப்பா அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அம்மாவுக்கு அது ஏறவில்லை, அல்லது தங்கையின் அழுகைக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியவில்லை. “ஒரு எண்ணெய்தானங்க. ஊத்திட்டுப் போங்க. எனக்காக” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் வைத்தே அந்த வேலை நடந்தது. அப்பா வண்டிக்கடியில் படுத்து அடைப்பைத் திருகி, கறுப்பாக இருந்த கெட்டி ஆயிலைப் பழைய பேசினில் இறக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் கதவில் கறையானுக்குப் பூச வேண்டும் என்று அதை வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பாவே புனல் வைத்து ஊற்றினார். கடைசித் தடவையாக அப்பா, வயதான வண்டி, கெட்டியாக ஊற்றித்தான் பழக்கம் என்று சொல்லிப் பார்த்தார். கெட்டியாக இருந்தால் என்ஜினுக்குப் பாரம், இதுதான் சந்துபொந்துக்கெல்லாம் போகும், உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவி எடுத்துவிடும் என்று சித்தப்பா சந்தோஷமாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ஊரின் புது வண்டிகளுக்கு அதெல்லாம் சரிதான்.

வண்டி அன்றைக்கு உண்மையிலேயே சத்தம் குறைந்து ஓடியது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போய்வந்தார் அப்பா. ஆனால் வந்த மறுநாள் காலை, வண்டி நின்ற சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை இருந்தது. அதற்கு மறுநாள் அது தட்டு அளவுக்கு ஆயிற்று. அப்பா யாரும் எழுவதற்கு முன் மணல் போட்டு அதை மூடினார், டின்னில் மிச்சம் இருந்ததை ஊற்றி அளவைச் சரி செய்தார். என் விரலில் அவர் சொட்டு வைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் கையை நீட்டவும் இல்லை. என்னைப் பார்க்காமலே, “திங்கக்கெழமை அவங்க பிளைட்டு. அன்னிக்கே போயி மாத்திட்டு வந்துடுறேன்” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது, வீராம்பட்டினத்துத் தேர். ஊருக்கே விடுமுறை. கடைகள் சாத்தியிருந்தன, ஆட்டோ எல்லாம் தேருக்குச் சனம் ஏற்றப் போய்விட்டது, தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தது. சித்தி, சித்தப்பா, பிள்ளைகள் எல்லோரும் வேன் பேசிக்கொண்டு காலையிலேயே கிளம்பிப் போனார்கள். தேர்க்கூட்டத்துப் புழுதிக்கு அம்மா போக முடியாது. அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம் என்பதால் நானும் அப்பாவும் இருந்துகொண்டோம்.

பதினோரு மணிவாக்கில் காற்று கிளம்பியது. ரோடு போடுவதற்காகக் கொட்டி வைத்திருந்த செம்மண் முழுக்க எங்கள் தெருவுக்குள் வந்தது. நான் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்துவதற்குள் அம்மாவுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மூச்சுக்கு வாயில் அடிக்கிற மருந்துப் பம்ப்பை இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை. பயப்பட எங்களுக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. எப்போதும் செய்வதைச் செய்தோம். அப்பா குச்சியை உருவிப் பார்த்தார், அளவு கோட்டில்தான் இருந்தது. பின் சீட்டில் அம்மாவை என் மேல் சாய்த்துக்கொண்டேன், கண்ணாடிகளை ஏற்றினோம், கிளம்பினோம். இருபது நிமிடத்தில் போய்விடலாம்.

ரெட்டியார்பாளையம் தாண்டும்போது, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி ஓடும்போது அந்த விளக்கு எரிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா அதைப் பார்த்தார். அது ஆயில் விளக்கு, எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த விளக்கின் மேல் போட்டு மூடிவிட்டு, வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினார். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே பயங்கரமான காரியம் அதுதான். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் வேறென்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

கதிர்காமத்தில் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் கேட்டது. சத்தம் பெரிதாகி, ஓர் அலறலாகி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் ஒன்றும் அசையவில்லை. அதற்குப் பிறகு அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். விடுமுறை நாளின் அந்தக் காலி ரோட்டில் கடைசியில் சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் நின்றார். திறந்த வண்டியில், அத்தனை தூசியிலும் காற்றிலும், விரித்துப் பிடிக்க என்னிடம் ஒரு தாவணிகூட இல்லாமல், அம்மா முகத்தை என் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பே என் கைக்குக் கீழே இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு செல்வராசு வந்து என்ஜினைப் பிரித்தார். இருபது, முப்பது வருடமாக அடியில் படிந்து கிடந்த கசடை அந்தப் புது ஆயில் கழுவி எடுத்து, உறிஞ்சுகிற இடத்துச் சல்லடையில் கொண்டுபோய் அடைத்திருந்தது. “ஆயில் இருந்துச்சுங்க. மேல ஏறல” என்றார். அம்மாவுக்கும் அப்படித்தான், சுற்றிலும் காற்று இருந்தது.

செல்வராசு வந்தபோது சித்தப்பா இல்லை; பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பதினாறாம் நாள் வரைதான் இருந்தார். கட்டி இழுத்துவந்து போட்டிருந்த வண்டியின் முன்னால் நின்று, அவ்வளவு நல்ல உய்ல் ஊற்றியும் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “பழைய வண்டி தம்பி. அதுக்கு நாள் வந்துடுச்சு” என்றார். அவர்கள் போனபின் என்னிடம் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். “அவர்கிட்ட எப்பவும் சொல்லிடாத. தாங்கமாட்டாரு.” என் மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. தெரிந்த மனிதர், விரலில் தொட்டதும் தெரிந்துகொண்ட மனிதர், வேண்டாம் என்று ஒரு வார்த்தையை உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல வருடம் உள்ளுக்குள் கருவிக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே இருந்த கோபத்துக்கு அது ஒரு மறைப்பு என்பது பின்னால்தான் புரிந்தது.

இப்போது அப்பாவும் இல்லை. வண்டி அப்போதே எடைக்குப் போயிற்று. அது நின்ற இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது; கீழே வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றின் மூடியைக்கூடக் காலையில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. நெல்லித்தோப்புப் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. என் ஸ்கூட்டருக்குச் சர்வீசில் எந்த ஆயில் ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்பதும் இல்லை.

போன வருடம் சித்தப்பா தனியாக வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், சித்திக்கு முழங்கால் வலி, பிளைட் ஏற முடியவில்லை. சாப்பிட்டு முடித்து, மோர் குடித்துவிட்டு, கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அங்கே பழைய கார்கள் பழுது பார்க்கிற ஒருவரோடு சமீபத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று சித்தப்பா சொல்லவில்லை.

“ஒங்கப்பாவக் கேட்டா சொல்லியிருக்க மாட்டாரு. ஒனக்குப் பொய் சொல்ல வராது, சின்னதுலேர்ந்தே. அதனால ஒன்ன கேக்குறேன்” என்றார். “நா கொண்டாந்த உய்ல்லதான் ஏதாச்சும் ஆச்சாம்மா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தப்பா” என்றேன். “நல்ல ஆயிலு. வண்டிதான் பழசு.”

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். நான் இலையை எடுத்தேன். குரல் நடுங்காமல், முகம் மாறாமல், அப்பாவைப் போலவே சொல்லியிருந்தேன். இதே மாதிரி ஒரு மதியச் சாப்பாட்டில், பன்னிரண்டு வயதில், இந்த ஒன்று எனக்கு வந்திருந்தால் போதும். பொய்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் போதும்.